பாய் விரித்த ஐம்பது காசு

திசையன்விளை பேருந்து நிலையம். உவரியிலிருந்து கருவாடு கொண்டுவந்து விற்கும் அக்கா, நான் நீட்டிய பத்து ரூபாய்க்கு மிச்சம் தருகிறார். சில்லறையைச் சட்டைப்பையில் போடப் போகிறேன். சட்டென்று என் கையை மறிக்கிறார்.

"தம்பி, அந்த அம்பது காசை மட்டும் இங்கன தாரும். தெரியாம வந்துட்டு. வேற தாரேன்."

உள்ளங்கையைப் பார்க்கிறேன். சுதந்திரத்தின் இருபத்தைந்தாம் ஆண்டுக்கு வெளியிட்ட காசு. நாடாளுமன்றத்தின் முன்னால் ஓர் ஆணும் பெண்ணும் கொடி பிடித்து நிற்கிறார்கள். விரல்பட்டுத் தேய்ந்ததில் கொடி வெறும் துணியாகிவிட்டது.

"இதுல அப்படி என்னக்கா இருக்கு?"

"கல்யாணமான புதுசுல எங்க வீட்டுக்காரரு தந்தது. 'ஏட்டி, பாத்தியா, நாம ரெண்டு பேரும் கட்டுமரத்துக்குப் பாய் விரிக்கோம், பின்னால நம்ம மாதா கோயிலு'ன்னு சொன்னாவ." காசை வாங்கி முந்தானையால் துடைக்கிறார். "கொச்சிக்கு விசைப்படகு வேலைக்குப் போனாவ. மூணு திருவிழா முடிஞ்சிட்டு. ஆளும் வரல, சேதியும் வரல."

எனக்கு வாய் சும்மா இருப்பதில்லை. "அக்கா, அது பாய் இல்ல. தேசியக் கொடி."

"அது எனக்குத் தெரியாதா தம்பி?" காசை என் கண்ணருகே பிடித்துக் காட்டுகிறார். "நல்லாப் பாரும். பாய் விரிச்சாச்சு, காத்தும் புடிச்சாச்சு. ஆனாலும் இதுல அவுக இன்னும் கட்டுமரத்துல ஏறல. ரெண்டு பேரும் கரையிலதான் நிக்காவ."