வெட்டாத பன்னிரண்டு சாவிகள்

என் அண்ணனுக்குக் கோபமே வராது. அவருக்கும் சேர்த்து நான்தான் கோபப்பட வேண்டியிருக்கிறது. இதையும் கோபத்தோடுதான் சொல்கிறேன். நிதானமாகச் சொல் என்று யாராவது சொன்னால் எனக்கு இன்னும் ஏறும்.

அண்ணன் சாவி வெட்டுகிறவர். பதினெட்டு வருடமாக ஒரு கடை வளாகத்தின் மாடிப்படிக்குக் கீழே, நிமிர்ந்தால் தலை இடிக்கிற இடத்தில் உட்கார்ந்திருக்கிறார். ஒரு வெட்டு மெஷின், நாலு அரம், முதுகுக்குப் பின்னால் பலகை நிறைய வெட்டாத சாவிகள். எதிரே தையல் மெஷினோடு நான். பைகளுக்கு ஜிப் மாற்றிக் கொடுக்கிறேன். தொழிலில் அவருக்கு ஒரே ஒரு பிடிவாதம். பூட்டுக்குச் சொந்தக்காரர் நேரில் வந்து நிற்காமல் சாவி வெட்ட மாட்டார். ஒருமுறை ஒருத்தன் போனில் ஒரு சாவியின் போட்டோவைக் காட்டி, இதுபோல் ஒன்று வேண்டும், இரட்டிப்புக் கூலி தருகிறேன் என்றான். அண்ணன் மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார். அவனைத் திட்டித் துரத்தியது நான்தான்.

இப்படிப்பட்ட மனிதரைக் கிரிப்டோ காயினில் இழுத்துவிட்டவர் என் வீட்டுக்காரர். பார்சல் வண்டி ஓட்டுகிறார். எதைப் பற்றியும் மூன்று வீடியோ பார்த்தால் போதும், நாலாவது நாள் ஊருக்கே பாடம் எடுப்பார். புரொபசர் என்று நான் வைத்த பெயரைப் பட்டம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். காயின் வைக்கிற இந்த வாலட்டின் சாவி உங்கள் கையில் மட்டும்தான் மச்சான், பேங்க்காரன்கூடத் திறக்க முடியாது என்றார். சாவி என்ற சொல்லைக் கேட்டதும் அண்ணன் விழுந்துவிட்டார்.

அந்தச் சாவி என்பது பன்னிரண்டு ஆங்கிலச் சொற்கள். வரிசை மாறாமல் அவை யாரிடம் இருக்கின்றனவோ, பணம் அவருடையது. மற்றவர்கள் தாளில் எழுதி வைப்பார்கள். அண்ணன் பன்னிரண்டு வெட்டாத சாவிகளை எடுத்து, ஒவ்வொன்றிலும் ஒரு சொல்லை எழுத்து எழுத்தாகச் சுத்தியலால் அடித்துப் பதித்து, தலையில் எண் போட்டு, வளையத்தில் கோத்துப் பலகையின் கடைசி ஆணியில் மாட்டினார். அத்தனை சாவிக்கு நடுவில் அது யார் கண்ணில் படப்போகிறது? தனக்கு ஒரு ஆபரேஷன் என்று ஆஸ்பத்திரிக்குப் போன அன்று எனக்கு மட்டும் காட்டினார். அண்ணிக்குக்கூடத் தெரியாது.

"யார் கேட்டாலும் குடுக்காதம்மா. நானே போன் பண்ணிக் கேட்டாலும் குடுக்காத."

நாலு வருடம் மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகக் காயின் வாங்கிச் சேர்த்தார். போன வாரம் அதே வளாகத்தில் ஷட்டர் வைத்த கடை ஒன்று காலியானது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் அட்வான்ஸ் கட்டினால் அண்ணனுக்கு, இல்லையென்றால் ஜூஸ்காரருக்கு என்றார் மேனேஜர். அண்ணன் உள்ளே போய், கையைத் தூக்கிக் கூரையைத் தொடப் பார்த்தார். எட்டவில்லை. அந்தச் சந்தோஷத்தை நான் மறக்க மாட்டேன்.

காயினை வாங்கிக்கொண்டு பணம் தருகிறவர், வேறொரு நெட்வொர்க்கில் வந்தால்தான் வாங்குவேன் என்றார். திங்கட்கிழமை புரொபசர் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சொல்ல, அண்ணன் செய்தார். சில்லறையாகக் கிடந்த காயின்களையெல்லாம் டாலர் காயினாக மாற்றி, முழுவதையும் பிரிட்ஜ் என்கிற பாலம் வழியாக அந்த நெட்வொர்க்குக்கு அனுப்பினார். போய்ச் சேர்ந்தது. திரையில் முழுத் தொகையும் தெரிந்தது. ஆனால் அசைக்க முடியவில்லை. அங்கிருந்து ஒரு காசு அனுப்பவும் அந்த நெட்வொர்க்கின் சொந்தக் காயினில் கட்டணம் கட்ட வேண்டுமாம். அது கையில் ஒரு துளிகூட இல்லை. அரை டீ விலைகூட வராது அந்தக் கட்டணம்! முன்னாலேயே சொல்ல வேண்டிய பெரிய மனுஷர், அது சின்ன விஷயம், மறந்துவிட்டேன் என்றார். 

வாலட்டுக்குள்ளேயே கார்டு போட்டு அந்தக் கட்டணக் காயினை வாங்கலாம் என்று பார்த்தால், பேங்க் இரண்டு தரம் மறுத்தது. இன்னொரு இடத்தில் அடையாள அட்டை, முகம் எல்லாம் காட்டியும் பரிசீலனையில் இருக்கிறது என்றே மூன்று நாள் ஓடியது. புரொபசரின் காயின்கள் ஏதோ திட்டத்தில் மாட்டி, அடுத்த மாதம்வரை எடுக்க முடியாதாம். போனில் அவருடைய கிரிப்டோ குரூப்பில் கேட்டார். நானூறு பேர் இருந்தும் அரை டீ அனுப்ப ஒருத்தருக்கும் மனம் வரவில்லை. ஒரு ஆள் மட்டும் ஒரு உதவிப் பக்கத்தைக் காட்டி, அங்கே பன்னிரண்டு சொற்களைப் போட்டால் சரியாகிவிடும் என்றான்.

அண்ணன் மறுத்தார். அப்படியென்றால் என்னிடமாவது கொடுங்கள், என் போனில் திறந்து பார்க்கிறேன் என்றார் புரொபசர். அதற்கும் அண்ணன் தலையாட்டவில்லை.

"தப்பா நினைக்காதீங்க மாப்பிள்ளை. ஒரு பூட்டுக்கு ஒரு ஆள்தான்."

அவ்வளவுதான். என்னையே சந்தேகப்படுகிறாரா என்று இவர் இரண்டு நாள் வீட்டில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார், சாப்பிடவில்லை, என் உயிரை வாங்கினார். எனக்குக் கோபம் வந்தது. இவர்மேல் வந்திருக்க வேண்டிய கோபம், அண்ணன்மேல் வந்தது. கடை கை நழுவிப் போகிறது, இந்த மனிதர் பெரிய கொள்கை பேசுகிறாரே என்று.

வியாழக்கிழமை மதியம் ஒருநாள் தவணை கேட்க அண்ணன் மேனேஜரிடம் போனார். வெட்டு மெஷினை ஓடவிட்டே போயிருந்தார். நான் எழுந்துபோய் வளையத்தை எடுத்து, என் மேசையில் பன்னிரண்டு சாவிகளையும் எண் வரிசையில் பரப்பி, போட்டோ எடுத்து இவருக்கு அனுப்பினேன். நீங்கள் மட்டும் பாருங்கள் என்றும் எழுதினேன். அவர் அதை அப்படியே அந்த உதவிப் பக்கத்தில் போட்டார் என்று பிறகுதான் தெரிந்தது.

தவணை கிடைக்காமல் அண்ணன் திரும்பி வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்ததும் போன் சத்தம் போட்டது. கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். முகம் மலர்ந்து சட்டென்று எழுந்ததில் படிக்கட்டு மண்டையில் இடித்தது. தேய்த்துக்கொண்டே சிரித்தார். யாரோ கட்டணக் காயினை அனுப்பியிருந்தார்கள்.

"நீதானம்மா யார்கிட்டயோ சொல்லி அனுப்ப வச்ச? எனக்குத் தெரியும், நீ சும்மா இருக்க மாட்ட."

இவர் சரிபண்ணிவிட்டார் போல என்று நினைத்தேன். ஆமாண்ணா என்றேன். கேளுங்கள், ஆமாண்ணா என்றேன்.

அவர் சிரிப்பு முடிவதற்குள் போன் இன்னொரு சத்தம் போட்டது. டாலர் காயின் மொத்தமும் போய்விட்டது. அதை எடுத்துப்போகக் கட்டணம் வேண்டுமே, அந்த உதவிப் பக்கத்துத் திருடன் அதைத்தான் முதலில் போட்டிருக்கிறான். நாலு நாளாக நாங்கள் பிச்சை கேட்டுக் கிடைக்காத அரை டீயைத் திருடன் ஒரே நிமிடத்தில் கொடுத்துவிட்டான். அதில் மிஞ்சிய தூசி இன்னும் அண்ணனின் வாலட்டில் கிடக்கிறது.

அண்ணன் திரும்பிக் கடைசி ஆணியைப் பார்த்தார். பிறகு என் மேசையைப் பார்த்தார். ஜிப்புகளுக்குப் பக்கத்தில் பன்னிரண்டும் வரிசையாக இருந்தன.

"போட்டோ எடுத்தியாம்மா?"

தலையாட்டினேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இவரைத் திட்டி, அந்த நானூறு பேரைத் திட்டி, அழுதாவது தீர்த்திருப்பேன். அண்ணன் மெஷினை அணைத்துவிட்டு டீ குடிக்கப் போய்விட்டார்.