திரைக்கு அந்தப்பக்கம் கணக்கெடுத்தவர்

விடியப்புறம் தொலைபேசி அடித்தால் மனம் முதலில் கெட்டதைத்தான் நினைக்கும். அன்று அழைத்தது கல்முனையிலிருந்து நிசாம். "சேர், உம்மா மௌத்தாகிட்டா" என்றான். காரைதீவிலிருந்து நான் போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. பாலமுனையிலிருந்து வயதான பெண்கள் ஏழெட்டுப் பேர் பஸ் பிடித்து வந்து உள்ளே அழுதுகொண்டிருந்தார்கள். இவர்கள் யார், எந்த வழியில் சொந்தம் என்று வாசலில் நின்றவர்கள் ஒருவரையொருவர் கேட்டார்கள். சொந்தமில்லை. அந்தப் பெண்கள் ஏன் வந்தார்கள் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நிசாமின் உம்மா சபுறா ராத்தா எனக்கு அக்கா மாதிரி, அவருடைய கணவர் மீராலெவ்வை காக்கா அண்ணன் மாதிரி. காக்காவும் நானும் எழுபதுகளின் கடைசியில் ஒரே அரசாங்கக் கந்தோரில் புள்ளிவிபர வேலை பார்த்தோம். நாட்டின் வருமானத்தைக் கணக்கிட நெல்லுக்கு ஒரு வழி இருந்தது, மீனுக்கு ஒரு வழி இருந்தது. பெயர்ப்பலகையும் பதிவும் இல்லாத தொழில்களுக்குத்தான் வழியில்லை. வீட்டில் பன் புல்லால் பாய் இழைப்பவர், இடியப்பம் அவித்து விற்பவர், தைத்துக் கொடுப்பவர், இவர்களையெல்லாம் வீடு வீடாகப் போய்க் கேட்டு எழுத வேண்டும். போன ஏழு நாளில் கூலிக்கோ விற்பனைக்கோ, வீட்டார் சம்பாதிக்கும் வேலைக்கு உதவியாகவோ கொஞ்ச நேரமாவது வேலை செய்திருந்தால் அவர் தொழில் செய்பவர். வரைவிலக்கணம் தெளிவாகத்தான் இருந்தது. வாசலில் போய் நின்றால்தான் சிக்கல் தொடங்கும்.

எங்கள் பக்கத்து முஸ்லிம் ஊர்களில் வீடு பெண்ணின் பெயரில் இருக்கும். சீதனமாக வந்த வீடு, கணவன்தான் அங்கே வந்து குடியேறுவான். ஆனால் வெளியாள் வந்தால் வாசலுக்கு வந்து பதில் சொல்வது அவன். "உங்கட பெண்சாதி என்ன செய்றா?" என்றால், "அவ வீட்ட சும்மா இரிக்கா" என்பான். பொய் சொல்வதாக அவன் நினைக்கவே மாட்டான். நாங்களும் 'தொழில் இல்லை' என்று எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போவோம். அப்படிப் பார்த்தால் பாலமுனையில் பாய் இழைக்கும் பெண் ஒருத்திகூட இல்லை. ஆனால் சந்தை முழுக்கப் பாலமுனைப் பாய்.

காக்காவுக்கு இது உறுத்தியது. ஒருநாள் ராத்தாவையும் கூட்டிக்கொண்டு வந்தார். இடுப்பில் கைக்குழந்தை, தலையில் முக்காடு. காக்கா முன்வாசலில் வீட்டுக்காரனுடன் கதைத்துக்கொண்டிருக்க, ராத்தா குசினிப் பக்கத்தால் உள்ளே போய்விடுவார். உள்வாசலில் தொங்கும் திரைக்கு அந்தப்பக்கம் சிரிப்புக் கேட்கும், குழந்தை அழுவது கேட்கும். திரும்பி வரும்போது ராத்தாவிடம் பதில் இருக்கும்.

எப்படிக் கேட்கிறீர்கள் என்று நான் ஒருநாள் விசாரித்தேன்.

"வேல செய்றீங்களா எண்டு கேக்கவே கூடாது தம்பி. கேட்டா, சும்மா இரிக்கன் எண்டுதான் வரும். அவங்க செல்றதச் செல்லட்டும். நான் வாயத் தொறக்க மாட்டன். அவங்கட கையப் பாத்துக்கு இரிப்பன். கொஞ்சத்தில அவங்களே கதைக்கத் தொடங்கிருவாங்க."

கிணற்றடியில் சாயம் போட்ட பன் காய்ந்துகொண்டிருந்த ஒரு வீட்டில், "இது சும்மா விளையாட்டுக்கு ராத்தா" என்றாளாம் வீட்டுக்காரி. ராத்தா பேசாமல் இருந்தார். பிறகு அந்தப் பெண்ணே, மகளுக்கு வீடு கட்டுவதற்காக மூன்று வருடமாகப் பாய் விற்பதைச் சொல்லி, தன் விரல்களையும் காட்டி அழுதிருக்கிறாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. அவர்கள் அழுதால் ராத்தாவும் கூட அழுதுவிட்டுத்தான் எழுந்து வருவார்.

ராத்தாவிடம் இன்னொரு கேள்வியும் இருந்தது. "இத நீங்க செய்யாட்டி, ஆரையும் காசு குடுத்துப் பிடிக்கணுமா?" இதை வைத்துக்கொண்டு என்னோடு மல்லுக்கு நிற்பார். "இடியப்பம் வித்தா வேல, புருசன்ட சாப்பாட்டுக் கோப்பைல வெச்சா சும்மாவா? இது எந்த ஊர் ஞாயம் தம்பி?" என்பார். வீட்டுச் சமையலையும் சேர்த்தால் நாட்டில் வேலையில்லாதவர் என்று ஒருவரும் மிஞ்ச மாட்டார், ஒரு வருடத்தை இன்னொரு வருடத்தோடு ஒப்பிடவும் முடியாது, ஆகவே எங்கேயாவது ஒரு எல்லை வேண்டும் என்று விளக்கினேன். நீண்ட நேரம் யோசித்தார்.

"அதுவும் சரிதான். எல்லாத்தையும் அள்ளிப் போட்டா கடைசில ஒண்டும் விளங்காது. ஆனா கோட்ட எங்க போட்டீங்க எண்டு மறைக்காம எழுதி வைங்க."

எங்கள் கந்தோரில் அதற்குமேல் யாரும் சொல்லிவிடவில்லை.

பிறகு ஒருமுறை ராத்தாவின் சொந்த வீடே கணக்கெடுக்கத் தெரிந்தெடுத்த மாதிரி வீடுகளுக்குள் விழுந்துவிட்டது. தன் வீட்டைக் காக்கா தானே எழுத முடியாது என்பதால் என்னை அனுப்பினார்கள். கணக்கெடுப்பில் சத்தியப்பிரமாணம் செய்யாத எவரும் பிறர் வீட்டு விபரம் கேட்கக்கூடாது என்பது சட்டம். பிரமாணம் செய்யாத ராத்தா வீடு வீடாகக் கேட்டதைத் தொழிலாக எழுதினால் காக்காவின் உத்தியோகத்துக்கே ஆபத்து. முன்னறையில் கதிரையில் இருந்த காக்காவின் முகம் வெளிறியிருந்தது. "தொழில் ஒண்டுமில்ல எண்டு போடு தம்பி, விடு" என்றார் தாழ்ந்த குரலில்.

திரைக்கு அந்தப்பக்கமிருந்து ராத்தாவின் குரல் வந்தது.

"தம்பி, மத்தப் பொம்புளைகள்ட்ட நான் கேட்டத என்னட்டையும் கேளுங்க."

"நீங்க செய்யாட்டி ஆரையும் காசு குடுத்துப் பிடிக்கணுமா ராத்தா?" என்று கேட்டேன்.

"ஓம். பிடிக்கணும். எழுதுங்க."

"சபுறா!" என்றார் காக்கா.

"அவங்களயெல்லாம் உண்மையச் செல்ல வெச்சுப்போட்டு நான் பொய் செல்லவா? நாளைக்கி பாலமுனைக்கு எந்த முகத்தோட போற?"

எழுதினேன். அடுத்த நாள் காக்காவே மேலதிகாரியிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அந்த மனிதர் நல்லவர். வேலையைப் பறிக்கவில்லை, வெளிவேலையை நிறுத்திக் கந்தோர் மேசை வேலையில் இருத்தினார். வீடுகளுக்குப் போக இனிமேல் பெண்களை நியமிக்க வேண்டும் என்று மேலே எழுதினார். பத்தாம் வகுப்புப் படித்த இரண்டு பெண்கள் வந்தார்கள். ராத்தா படித்தது ஐந்தாம் வகுப்புவரை. அதோடு அவருடைய பயணம் முடிந்தது. பிறகு காக்காவுக்கு ஏதும் வில்லங்கம் வரக்கூடாது என்று அதைப்பற்றி வீட்டில் கதைப்பதையும் நிறுத்திவிட்டார்கள். அந்த முடிவு எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. ராத்தாவுக்கு ஆறியிருந்தது. "எழுதினது சரி தம்பி. உண்மைதானே" என்பார், தேத்தண்ணிக் கோப்பையைத் திரைக்கு இப்பால் நீட்டிக்கொண்டே. எண்பதுகளில் வெளிவந்த எங்கள் அட்டவணையில் தொழில் செய்யும் பெண்களின் எண்ணிக்கையில் அவரும் ஒருவர்.

கேட்டுவிட்டுக் காத்திருப்பது, இதுதான் ராத்தாவிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது. அடக்கம் முடிந்து சில நாட்களில் அது எனக்குத் தேவைப்பட்டது. மரணத்தைப் பதிய நிசாம் விபரங்களை நிரப்பிக்கொண்டிருந்தான். காக்கா முந்தியே போய்விட்டார், கேட்பதற்கு என்னைவிட்டால் வேறு ஆளில்லை.

"தொழில் எண்டு ஒண்டு கேட்டிரிக்கி சேர். இல்லை எண்டு போடவா? உம்மா வீட்ட சும்மாதானே இரிந்தா."

நான் வாயைத் திறக்கவில்லை. அவன் கையிலிருந்த பேனையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் என்னைப் பார்த்தான். உள்ளே தொங்கிய திரையைப் பார்த்தான்.

"சின்னதில என்னத் தூக்கிக்கு வாப்பாவோட பாலமுனைக்கெல்லாம் போவாவாம்" என்றான் மெல்ல. "மௌத்துக்கு வந்த அந்தப் பொம்புளைகளும் அண்டைக்கு அதத்தான் சென்னாங்க. வீட்டுக்கு வீடு போய் இரிந்து கேப்பாவாம்..."

நிறுத்தினான். நான் காத்திருந்தேன்.

"சேர், உம்மா கணக்கெடுத்தாவா?"

"ஓம் மகன்" என்றேன். அவன் குனிந்து எழுதினான்.