கட்டில் மேல் ஒரு துணிக்கடை

எங்கள் மாடியில் இரண்டே வீடு. நடுவில் ஒரு குறுகிய நடை. பகலில் இரண்டு கதவும் திறந்தே கிடக்கும். அங்கே குழம்பு கொதித்தால் உப்புப் போதுமா என்று இங்கிருந்தே சொல்லிவிடலாம்.

எதிர்வீட்டில் இரண்டு பிள்ளைகள். மூத்தவளை வீட்டில் பெரியவள் என்பார்கள், இளையவனைக் குட்டி என்பார்கள். இருவருக்கும் நடுவில் பன்னிரண்டு வருஷம். கடவுள் ஏன் அத்தனை வருஷம் யோசித்தார் என்பது அவருக்குத்தான் தெரியும். அப்பா லாரி ஓட்டுகிறவர், விருந்தாளி மாதிரி வந்து போவார்.

பெரியவளுக்குப் பத்தொன்பது வயது, துணிக்கடையில் வேலை. நல்ல பெண். யாருக்கும் கெட்டது நினைக்காதவள். கூட வேலை செய்கிறவள் புதுச் செருப்பு வாங்கினாலும், சிநேகிதிக்குக் கல்யாணம் நிச்சயம் ஆனாலும் மனசார சந்தோஷப்படுவாள். உலகத்தில் ஒரே ஒரு ஆளைப் பார்த்தால் மட்டும் அவளுக்கு வயிறு எரியும். அந்த ஆளுக்கு ஏழு வயது. முன்பல் இரண்டு இல்லை.

காரணம் இதுதான். குட்டிக்கு அவன் அம்மா பாடம் சொல்லிக் கொடுப்பது பாடம் மாதிரியே இருக்காது. துணி காயப்போடும் கொடியில் எழுத்து எழுதின அட்டைகளைக் கிளிப்பு போட்டு மாட்டுவாள். "டேய், எனக்குப் 'பழம்' பசிக்குது, பறிச்சுக் கொண்டா" என்பாள். அவன் குதித்துக் குதித்து ப, ழ, ம் என்று பறித்துக்கொண்டு வருவான். எழுத்து மாறிவிட்டால், "ஐயய்யோ, இது காயா இருக்கே, நாக்கு கூசுது" என்று முகத்தைச் சுளிப்பாள். அவன் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு மறுபடி ஓடுவான். வாய்ப்பாடு என்றால் தரையின் சதுரக் கற்களில் தாண்டுவது. மூன்று மூன்றாகத் தாண்டினால் மூன்றாம் வாய்ப்பாடு. கீழ்வீட்டுக்காரர் குச்சியால் தன் வீட்டு மேற்கூரையைத் தட்டினால் கணக்குப் பாடம் நடக்கிறது என்று அர்த்தம்.

பெரியவள் வேலை விட்டு வந்து, பையைக்கூட இறக்காமல் வாசலில் நின்று இதைப் பார்ப்பாள். பிறகு என் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வாள்.

"அத்தை, எங்கம்மா சிரிக்கிறது கேட்குதா?"

"கேட்குது. ஏன்?"

"ஒண்ணுமில்ல. எங்கம்மாவுக்குச் சிரிப்பு வரும்னே எனக்கு ரொம்ப நாளா தெரியாது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அம்மாவுக்குச் சலவைக் கூடத்தில் வேலை. நாள் முழுக்க ஆவியில் நின்று இஸ்திரி போட்டுவிட்டு, முகம் வெந்து வருவாள். வந்ததும் அடுப்பு ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம். கையில் ஒரு மர அளவுகோல், முழங்கை நீளம். "அடியாத மாடு படியாது" என்பது அவள் கேட்டு வளர்ந்த வேதம். "ஏழெட்டு எவ்வளவுடி?" என்று கேட்பாள். பெரியவளுக்குத் தெரியும். ஆனால் கோலைப் பார்த்ததும் ஐம்பத்தாறு எங்கோ ஓடி ஒளிந்துகொள்ளும். கை தானாக முதுகுக்குப் பின்னால் போய்விடும். கை கிடைக்காவிட்டால் என்ன, முதுகு இருக்கிறதே.

இன்றைக்கும் யாராவது சட்டென்று ஒரு கணக்குக் கேட்டால் அவள் வலது கை முதுகுக்குப் பின்னால் போகும். அவளுக்கே தெரியாது. நான் பார்த்திருக்கிறேன்.

பிறகு அம்மாவுக்கு முழங்கால் போயிற்று. சலவைக் கூடத்தை விட்டாள். வீட்டிலேயே உட்கார்ந்து, தைத்து வரும் சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக் கொடுக்கிறாள். குட்டி வளர்ந்தது பட்டன் டப்பாவுக்குப் பக்கத்தில். அவன் பட்டன்களை நிறம் பிரித்தான், அடுக்கினான், எண்ணினான். அவள் ஊசியில் நூல் கோத்தபடி "எத்தனை?" என்று கேட்டாள். அப்படித்தான் ஆரம்பித்தது. யாரும் யோசித்துச் செய்யவில்லை.

இதையெல்லாம்கூடப் பெரியவள் பொறுத்துக்கொண்டாள். பொறுக்க முடியாமல் போனது துணிக்கடை விளையாட்டு வந்த பிறகுதான்.

அவள் தினமும் வந்து, கடையில் கண்டதையும் கேட்டதையும் கதையாகச் சொல்வாள். நீலம் எடுத்துக் காட்டினால் பச்சை கேட்கிற அம்மாள், பத்துத் துணியைப் பிரிக்கச் சொல்லிவிட்டுக் கைக்குட்டை வாங்கிப் போகிற ஆள், காது கேட்காத பெரியவர். அம்மா பட்டன் தைத்துக்கொண்டே "ம், ம்" என்று கேட்பாள். ஒருநாள் பெரியவள் வீட்டுக்கு வந்தால், கட்டில் மேல் பழைய போர்வையைக் கிழித்த துணிகள் சுருள் சுருளாக அடுக்கியிருக்கின்றன. கட்டிலுக்குப் பின்னால் குட்டி கடைக்காரன். முன்னால் அம்மா, தோளில் பை மாட்டிக்கொண்டு, மூக்கால் பேசுகிறாள்.

"ஏம்ப்பா, இந்த நீலம் பச்சையா கிடைக்குமா?"

"நீலம் நீலமாத்தான்மா கிடைக்கும்!"

"என்ன கடையோ! சரி, அரையும் காலும் வெட்டு."

"அரையும் காலும் முக்கால்!" என்று கத்தி, குட்டி ஒரு கோலை எடுத்துத் துணி மேல் வைத்தான். அதே மர அளவுகோல். அதுதான் அந்தக் கடைக்கு மீட்டர். துணிக்கு விலை பட்டன். பெரிய சிவப்புப் பட்டன் ஒன்று பத்துச் சின்னப் பட்டனுக்குச் சமம்.

பெரியவள் அன்று என்னிடம் வந்து சொன்னாள்: "அத்தை, எங்கம்மா என் கடைய எடுத்து அவனுக்குக் குடுத்துட்டா. என்னை அடிச்ச கோலையும் எடுத்து அவனுக்கே குடுத்துட்டா."

தண்ணீர் கொடுத்தேன். குடித்தாள்.

அந்தச் சமயத்தில்தான் அவளுடைய நிஜக் கடையில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அவள் மேல்தளத்தில் துணி மடித்து வைக்கிறவள். துணி அளந்து வெட்டுகிற பெண் கல்யாணமாகிப் போய்விட, கடை முதலாளியம்மா இவளைக் கீழே வரச் சொன்னார். "ஒரு வாரம் வெட்டுற மேசையில நில்லு. கை பிடிபட்டா அங்கேயே இரு. இல்லைன்னா பழையபடி மடிப்புக்குப் போ." வெட்டுகிற மேசை என்றால் மரியாதை. வருகிறவர்கள் முகம் பார்த்துப் பேசுவார்கள். மேல்தளத்தில் மூட்டை மட்டும்தான் பேச்சுத் துணை.

முதல் இரண்டு நாள் நல்லபடி போயிற்று. ஒன்று, ஒன்றரை, இரண்டு என்றே எல்லோரும் கேட்டார்கள். மூன்றாம் நாள் ஒரு அம்மாள் திரைச்சீலைக்கு வந்தாள். "முக்கால் முக்காலா மூணு துண்டு. ஒரே நீளமா வெட்டிக் குடு, வீட்ல பிரிச்சுக்கிறேன்."

பெரியவளின் கை முதுகுக்குப் பின்னால் போயிருக்கும். அப்புறம் என்ன நினைத்தாளோ, ஒன்றே முக்கால் மீட்டர் அளந்து வெட்டிவிட்டாள். வந்தவள் அங்கேயே மேசை மேல் துணியை மூன்றாக மடித்துப் பார்த்தாள். ஒரு துண்டும் ஜன்னலுக்கு எட்டாது.

மேற்பார்வைக்காரர் வந்து துணியைத் தூக்கிப் பிடித்தார். "இது என்னம்மா, பொம்மை வீட்டுத் திரையா? நீ வெட்டுறது துணிய இல்ல, முதலாளியம்மாவோட கழுத்தை. இன்னொரு தடவை ஆச்சு, மேல போய் மூட்டையோட பேசிட்டிரு."

அன்று மாலை அவள் மாடி ஏறி வரும்போதே செருப்புச் சத்தம் சரியில்லை. உள்ளே கடை மும்முரம். குட்டி துணியை மடித்துக்கொண்டே, "ஒரு கோலுக்கு நாலு கால், ரெண்டு கோலுக்கு எட்டுக் கால்" என்று பாட்டாகப் பாடுகிறான். பெரியவள் நேராகப் போய் அவன் கையிலிருந்து கோலைப் பிடுங்கினாள்.

"அக்கா! வாடிக்கையாளர் நிக்கிறாங்க!"

"நிக்கட்டும். இது என்னோட கோல்."

அம்மா மூக்குக் குரலை விட்டுவிட்டுச் சொந்தக் குரலில் கேட்டாள். "உன்னுதா? எப்பலேர்ந்து?"

"என் முதுகைக் கேளு, அது சொல்லும்."

கோலோடு நேரே என் வீட்டுக்கு வந்தாள். "அத்தை, இது இங்கேயே இருக்கட்டும். யார் கேட்டாலும் இல்லைன்னு சொல்லுங்க." எனக்குப் பொய் சொல்ல வராது. "யாரும் கேட்காம இருக்கணும்னு கடவுளைக் கேட்டுக்கிறேன்" என்று சொல்லிக் கதவுக்குப் பின்னால் சாத்தி வைத்தேன்.

மறுநாள் பகலில் குட்டி வந்து என் வாசலில் நின்றான். "அத்தை, கடை லீவு. மீட்டர் திருடு போச்சு. போலீஸ் தேடுது."

"போலீஸ் யாரு?"

"நான்தான்." அவன் கண் கதவுப் பக்கம் போயிற்று. கோலின் நுனி தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் ஒன்றும் கேட்கவில்லை. "திருடன் அழுதுட்டே தூங்குச்சு. அதனால கைது பண்ணல" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று மாலை தாயும் மகளும் நடையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார்கள். நான் உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். காதை மூடிக்கொண்டு கீரை ஆய முடியாதே.

"கடையில என்னடி ஆச்சு?" என்றாள் அம்மா.

பெரியவள் சொன்னாள். திரைச்சீலை, மேற்பார்வைக்காரர், பொம்மை வீடு, எல்லாம். பிறகு, "அவன்னா ஒரு நொடியில சொல்லியிருப்பான்ல? மூத்தது மோழை, இளையது காளை. அதானே உன் மனசுல?" என்றாள்.

"அப்படி நான் எப்பவாவது சொன்னேனா?"

"சொல்லணுமா? அவனோட நீ தரையில உருளுற. எனக்கு நீ சம்மணம் போட்டுக்கூட உட்கார்ந்ததில்ல."

"அன்னிக்கு எனக்கு விளையாடத் தெரியாதுடி."

"இப்ப எப்படித் தெரிஞ்சுது?"

"அவன் பட்டனை எண்ணினான்..."

"நானும்தான் எண்ணினேன், சலவைக் கூடத்துல உதிர்ந்ததுன்னு நீ கொண்டு வந்த பட்டனை. நீ இஸ்திரி போட்டுட்டு வந்த புழுக்கத்துல, 'எடுக்காதே, சிதறும்'னு கையில அடிச்ச."

ஈரத்துணியை உதறுகிற சத்தம் நின்றுவிட்டது. ஒரு தாய் தன் நியாயம் எதையும் சொல்லாமல் நிற்பதைக் கேட்பது கஷ்டமாக இருந்தது. சொல்ல அவளுக்கு எவ்வளவோ இருந்தது: ஆவி, அடுப்பு, வராத புருஷன். ஒன்றையும் எடுக்கவில்லை. கடைசியில், "வா, இன்னிக்குக் கடைக்கு ஆள் வேணும்" என்றாள்.

"போம்மா. நான் என்ன குழந்தையா?"

மகள் இப்படிச் சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் வந்தாள். கதவுக்குப் பின்னாலிருந்த கோலை எடுத்தாள். "அத்தை, சும்மா குடுத்துட்டு வந்துடறேன்" என்றாள். நான் கீரையிலிருந்து தலை நிமிரவில்லை. நிமிர்ந்தால் போகமாட்டாள் என்று தெரியும்.

கொஞ்ச நேரத்தில் எதிர்வீட்டில் சத்தம் கிளம்பியது.

"நகரு. நான்தான் கடைக்காரி. இது என் கடை."

"அக்கா, நான் முதல்லேர்ந்து இருக்கேன்!"

"நான் நிஜத்துலேயே இருக்கேன். நகருடா. அம்மா, நீ அந்தத் திரைச்சீலைக்காரி மாதிரி வா."

அம்மா தோள் பையை மாட்டிக்கொண்டு வெளியே போய், நடையில் என்னைப் பார்த்து ஒரு கண்ணை மட்டும் துடைத்துக்கொண்டு, மறுபடி உள்ளே நுழைந்தாள். மூக்குக் குரல் வந்துவிட்டது. "ஏம்மா, முக்கால் முக்காலா மூணு துண்டு. சீக்கிரம், எனக்குப் பஸ் போயிடும்."

பெரியவளின் வலது கை பின்னால் போகப் பார்த்தது. அதில் கோல் இருந்ததால் போக முடியவில்லை. துணியைக் கோலோடு வைத்துப் பாதியாக மடித்தாள். இன்னொரு பாதி. நான்கு மடிப்பு. ஒரு மடிப்பை உள்ளே தள்ளினாள். "இது ஒரு முக்கால். மூணு மடிப்பு. அடுத்த முக்காலுக்கு மூணு..."

"ஒம்பது கால்!" என்றான் குட்டி. "ரெண்டு கோல், அப்புறம் ஒரு..."

"அம்மா! இவன் சொல்லிக் குடுக்கிறான்! இது என் முறை!"

"அக்கா லேட்டு பண்ணுது! பஸ் போயிடும்!"

"போகட்டும்! நான்தான் சொல்லுவேன். ரெண்டே கால்! ரெண்டே கால் மீட்டர்! சிவப்புப் பட்டனைக் குடு."

"அது கடைக்காரன் பட்டன்!"

"நான்தான்டா கடைக்காரி!"

பத்தொன்பது வயதும் ஏழு வயதும் ஒரு துணியின் இரண்டு முனையைப் பிடித்து இழுத்தன. பழைய போர்வைதானே, சர்ரென்று கிழிந்தது. பட்டன் டப்பா கட்டிலிலிருந்து உருண்டு தரை முழுக்கக் கொட்டியது.

அம்மா இடுப்பில் கையை வைத்தாள். "ரெண்டு பேரும் அடிச்சுக்கிட்டது போதும்! ரெண்டு பேருக்கும் இன்னிக்குக் கடை கிடையாது. ரெண்டு பேரும் உட்கார்ந்து பட்டனைப் பொறுக்குங்க!"

பெரியவள் அப்படியே நின்றாள். அடி வாங்கியிருக்கிறாள், திட்டு வாங்கியிருக்கிறாள். ஆனால் அந்த வீட்டில் "ரெண்டு பேரும்" என்று அவளை யாரும் இதுவரை திட்டியதில்லை. பிறகு தம்பிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து பட்டன் பொறுக்கினாள். "இவன்தான்மா முதல்ல இழுத்தான்" என்று முணுமுணுத்தாள். கட்டிலுக்கடியில் உருண்டதை எடுக்கத் தவழ்ந்து உள்ளே போனவள் வெளியே வர ரொம்ப நேரம் ஆயிற்று. அம்மாவும் முழங்கால் வலியோடு மெல்லக் குனிந்து உட்கார்ந்து, அவள் பக்கமாகப் பட்டன்களை ஒவ்வொன்றாகத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த வாரம் முழுக்கக் கடை நடந்தது. அம்மா வகை வகையான வாடிக்கையாளராக வந்தாள். கீழ்வீட்டுக்காரர் கூரையைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோனார். வாரக் கடைசியில் நிஜக் கடையில் ஒருவர் தலையணை உறைக்கு ஒன்றேகால் ஒன்றேகாலாக மூன்று கேட்டார். மேற்பார்வைக்காரர் வேண்டுமென்றே பக்கத்தில் வந்து நின்றார். பெரியவள் துணியின் ஓரத்தை விரலால் மடித்தாள், பிரித்தாள், "மூணே முக்கால்" என்று சொல்லி வெட்டினாள். அவர் மடித்துப் பார்த்துவிட்டு, "ம், பொம்மைக்கு வீடு கிடைச்சிருச்சு போல" என்றாராம். இப்போது அவளுக்கு வெட்டுகிற மேசைதான்.

பொறாமை தீர்ந்துவிட்டதா என்று கேட்டால், அது பொய் சொல்வதாகும். நேற்றுக்கூட குட்டி என் வாசலில் வந்து நின்றான், முகம் தொங்கியிருந்தது.

"அத்தை, அக்கா சிவப்புப் பட்டனை வேலைக்கு எடுத்துட்டுப் போயிடுச்சு. தினமும் பையில வெச்சு எடுத்துட்டுப் போகுது."

"ஏன்டா?"

"அது வீட்ல இல்லாதப்ப நானும் அம்மாவும் தனியா கடை திறக்கக் கூடாதாம்."