ஐந்து பொட்டலம் வைட்டமின் டி

ஒக்கி புயலுக்கு முந்திய ஆண்டு, இராஜாக்கமங்கலம் சாலையில் குடித்துவிட்டுக் காரோட்டி வந்த ஒருவன் என் அண்ணனை இடித்துத் தள்ளினான். கடலுக்குப் போய்க்கொண்டிருந்த அண்ணனுக்குத் தலையில் பலத்த காயம். தலையில் அடிபட்டவருக்கு வெயில் ஆகாது என்று ஊரார் சொன்னதால், ஆறு மாதம் அவரைச் சன்னல் சாத்திய அறையிலேயே படுக்க வைத்திருந்தோம்.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர், "கடல்ல வேலை செஞ்ச ஆளுக்கு வைட்டமின் டி இவ்வளவு குறைஞ்சிருக்கே! இது மட்டுமே குணமாக்கிடாது, ஆனா இந்தக் குறையோட தேறுறது கஷ்டம்" என்று கடிந்துகொண்டார். வாரம் ஒருமுறை பாலில் கலக்கிக் கொடுக்கப் பொடி எழுதித் தந்தார்.

நான் கொடுக்கவில்லை. விபத்து வழக்கில் சாட்சி சொல்லும் நாளில் அண்ணன் தள்ளாட வேண்டும், அதைப் பார்த்து நீதிபதி அந்தக் காரோட்டிக்குக் கடும் தண்டனை தர வேண்டும் என்று விரும்பினேன். நான் சட்டம் படித்தவள். ஐந்து பொட்டலங்களையும் வழக்குக் கட்டுக்குள் ஒளித்து வைத்தேன்.

ஐந்தாம் வாரம் அண்ணன் சுவரைப் பிடித்து எழ முயன்று விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன்.

"மக்கா, டாக்டர் சொன்ன பொடிய இன்னும் தரல்லியே? கோர்ட்டுக்கு நான் நடந்து போகணும். என்னைய முடக்கிப் போட்டோம்னு நெனச்சிருக்கவன் முன்னால நெஞ்ச நிமித்திட்டு நிக்கணும். அவன் மொகம் வெளுக்கத நீ பாரு" என்று சிரித்தார்.

அப்போதே பால் காய்ச்சினேன்.

அந்தக் காரோட்டியை இன்றும் நான் மன்னிக்கவில்லை. ஆனால் என் அண்ணனுக்கு அவன் தீங்கு செய்தது ஒரு நொடி, போதையில். நான் செய்தது ஐந்து வாரம், முழு நினைவோடு.