தோளுக்கு ஏற்ற தோட்டா

துவக்குக் கடையில் வேலை செய்கிறவனுக்குச் சுடத் தெரியவேண்டிய அவசியமில்லை, குறி தவறியவர்களின் கதையைக் கேட்கப் பொறுமை இருந்தால் போதும். கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற உங்களுக்கும் இது விளங்கும். செருப்பு விற்றாலும் செல்போன் விற்றாலும் ஆட்கள் தங்கள் கதையையும் சேர்த்துத்தான் மேசையில் வைப்பார்கள்.

என்ன வேலை?

கெபெக்கில், அஹுன்ட்சிக் என்கிற பகுதியில் வேட்டைச் சாமான் விற்கிற கடை எங்களுடையது. துவக்கு, தோட்டா, கம்பளிச் சப்பாத்து, மானைக் கூப்பிடுகிற ஊதுகுழல் எல்லாம் இருக்கும். நான் நிற்பது வீட்டிலேயே தோட்டா அடைக்கிறவர்களுக்கான பகுதியில். சுட்டு முடிந்த வெற்றுக்கோதுக்குள் புதிதாக வெடிமருந்தை அளந்து போட்டு, மேலே, பறந்து போய்த் துளைக்கிற குண்டான சன்னத்தைப் பொருத்தினால் தோட்டா திரும்பவும் தயார். கடையில் வாங்குகிற தோட்டா எல்லாத் துவக்குக்கும் பொது. வீட்டில் அடைப்பது ஒரே ஒரு துவக்குக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி.

நான் இதுவரை ஒரு முயலைக்கூடச் சுட்டதில்லை. வெள்ளிக்கிழமையில் முட்டையும் தொடமாட்டேன். பார்க் எக்ஸ்டென்ஷனில் கோயில் அன்னதானத்துக்கு வரிசையில் நிற்கும்போது, பக்கத்தில் நின்ற மாமி ஒருவர் என் வேலையை விசாரித்தார். சொன்னேன். கையிலிருந்த தட்டைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துக்கொண்டு கேட்டார்: “துவக்குக்குப் பயந்துதானே தம்பி எல்லாரும் இஞ்ச ஓடி வந்தனாங்கள்?”

வலது தோள்

ஜெறோம் அண்ணை மன்னார்க்காரர். கோட்-டெ-நெய்ஜில் ஓர் ஆஸ்பத்திரியில் நோயாளிகளைத் தூக்கி மாற்றுகிற வேலை. கூட வேலை செய்கிற கெபெக்காரர் ஒருவரோடு ஒவ்வொரு நவம்பரும் மான் வேட்டைக்குப் போவார். ஆட்களைத் தூக்கித் தூக்கி வலது தோள் பழுதாகி, ஒப்பரேஷனும் நடந்திருந்தது.

வசந்தத்தில் ஒரு நாள் வந்து, பாரம் குறைந்த சன்னம் வேண்டும் என்றார். பாரமான சன்னம் பறக்கும்போது துவக்கு தோளில் உதைக்கிற உதையும் பெரிது. இலேசானது என்றால் உதை குறையும். டொக்டர் சொன்னாரா என்று கேட்டேன். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்தபடியே காரணத்தைச் சொன்னார். போன நவம்பரில் உதைக்குப் பயந்து, விசையை இழுக்கிற நேரம் கண்ணை மூடிவிட்டாராம். மானுக்குக் காயம் பட்டது. இரத்தத்தைப் பார்த்துப் பார்த்து இரண்டு பேரும் பின்னேரம் முழுக்கப் பற்றைக்குள் தேடியும் கிடைக்கவில்லை. பிறகு மழை பிடித்து எல்லாத்தையும் கழுவிவிட்டது.

“காகிதத்தில சுடுற மூண்டு ஓட்டையும் ஒரு ரண்டு டொலர் காசுக்குள்ள விழோணும், தம்பி. அதுவரைக்கும் நான் காட்டுப் பக்கம் போகமாட்டன்.”

அவசரம்

இலேசான சன்னம் என்றால் கடுகதியில் போகவேண்டும் என்பது எல்லாருக்கும் இருக்கிற ஆசை. ஜெறோம் அண்ணையும், தோட்டா அடைக்கிறவர்களுக்கான அளவுப் புத்தகம் அனுமதித்த உச்சத்துக்குக் கிட்ட மருந்து போட்டு, முதல் தொகுதியை அடைத்துக்கொண்டு வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நகரத்துக்கு வெளியே இருக்கிற சுடும் திடலுக்கு அவரோடு போனோம், நானும் நடீனும். நடீன் என்னோடு வேலை செய்கிறவள். சின்ன வயதிலிருந்தே தகப்பனோடு வேட்டைக்குப் போய் வளர்ந்தவள்.

அண்ணை சுட்ட ஓட்டைகள் காகிதம் முழுக்கப் பரந்து கிடந்தன. நடீன் துவக்கை வாங்கி மணல்மூட்டையில் வைத்து ஆறுதலாகச் சுட்டாள். அவளுடையதும் பரந்துதான் போனது. எனக்குப் புதினமாக இருந்தது. அதே துவக்கு பாரமான சன்னத்தை ஒழுங்காகப் போடுகிறதே, இலேசானதில் என்ன கோபம்? நடீன் குழலின் வாயைப் பார்த்தாள், காகிதத்தைப் பார்த்தாள், பிரெஞ்சில் அமைதியாகச் சொன்னாள்: “இந்தத் துவக்குக்கு அவசரம் பிடிக்காது.”

மருந்து

அதற்குப் பிறகு என் வீட்டுத் தொலைபேசி ஓயவில்லை. அண்ணைக்கு வேறு வடிவத்தில் ஓர் இலேசான சன்னம் எடுத்துக்கொடுத்தேன், முழுக்கச் செம்பில் செய்தது. மானின் உடம்புக்குள் உடைந்து சிதறாமல் ஆழப் போகும். அதைக் கோதுக்குள் எவ்வளவு இறக்குவது, எந்த மருந்து, எவ்வளவு என்று அண்ணை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்தார். ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் மாற்றவேண்டும், இல்லாவிட்டால் எது திருத்தியது என்றே தெரியாது. எனக்கும் இது பைத்தியம் மாதிரிப் பிடித்துவிட்டது. பஸ்ஸிலும் அதே யோசனை.

ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் இருந்தபடியே அவரோடு கதைத்தேன். “அண்ணை, மருந்தை இன்னும் கொஞ்சம் குறைச்சுப் பாருங்கோ. ஆனா புத்தகத்தில போட்ட ஆகக்குறைஞ்ச அளவுக்குக் கீழ போகாதேங்கோ, அது ஆபத்து.” தொலைபேசியை வைத்ததும் மனைவி சுகந்தி சொதிச் சட்டியை என் பக்கம் தள்ளினாள். முகம் சரியில்லை.

“அந்த அண்ணைக்குச் சீனி வருத்தமோ? மருந்தைக் குறைக்கிறதை டொக்டர் சொல்லட்டும், நீங்கள் சொல்லாதேங்கோ.”

வெறும் சத்தம்

ஆவணியில் திரும்பவும் திடலுக்குப் போனோம். வேகம் குறைந்த புதுத் தோட்டா. முதலில் நடீன் சுட்டாள். மூன்று ஓட்டையும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நின்றன. அண்ணை காசை எடுத்து மேலே வைத்துப் பார்த்தார். மூடிவிட்டது. எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தேன். பிறகு அண்ணை சுட்டார். பழையபடி பரந்தது.

அடுத்த தடவை துவக்கை நடீனே நிரப்பிக் கொடுத்தாள். அவருக்குத் தெரியாமல் அதற்குள் மருந்தே இல்லாத பயிற்சித் தோட்டா ஒன்றைப் போட்டிருந்தாள். அண்ணை குறிபார்த்து இழுத்தார். டிக் என்று ஒரு சத்தம் மட்டும். ஆனால் குழலின் நுனி அரை அடி கீழே குத்தியது, தோள் பின்னால் இழுபட்டது, கண் இறுக்க மூடியிருந்தது. வராத உதைக்கு உடம்பு முழுவதும் பதில் சொல்லியிருந்தது.

அண்ணை துவக்கை மேசையில் வைத்துவிட்டுத் தோளைத் தடவினார். ஒப்பரேஷன் செய்த இடத்தைச் சட்டைக்கு மேலால் விரலால் தேடினார். பிறகு என்னிடம் சொன்னார்: “இது ஆறீட்டுது, தம்பி. ஆறினது இதுக்கு இன்னும் தெரியேல்லை.”

நவம்பர்

புரட்டாதி, ஐப்பசி முழுக்க அவர் அந்த மெதுவான தோட்டாவோடு திடலுக்குப் போனார். நடீன் நடுவில் நடுவில் வெறும் தோட்டா கலந்து கொடுத்தாள். குழல் குத்துவது குறைந்து குறைந்து ஒரு நாள் அசையாமல் நின்றது. அன்றைக்குக் காசு ஓட்டைகளை மூடியது. அவர் காசைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேட்டை அனுமதி எடுக்கப் போனார்.

நவம்பரில் ஒரு நாள், தொப்பியில் பனியோடு கடைக்குள் வந்தார். மான் நின்ற இடத்திலேயே விழுந்ததாம். தேட வேண்டியிருக்கவில்லை. உதை எப்படி இருந்தது என்று கேட்டேன். ஒரு கோடைகாலமே அதற்காகத்தானே போனது. யோசித்துப் பார்த்து, தனக்கே வியப்பாகச் சொன்னார்: “உதைச்சதோ எண்டே தெரியேல்லை, தம்பி. வெடிச் சத்தம் கேட்டதுகூட ஞாபகமில்லை. அந்த நேரம் பழைய பாரமான சன்னத்தைப் போட்டிருந்தாலும் எனக்குத் தெரிஞ்சிருக்காது.”

ஒரு துவக்குக்கு எந்தத் தோட்டா பிடிக்கும் என்று கண்டுபிடிக்கிற சாமான் எல்லாம் எங்கள் கடையில் உண்டு, அந்தத் துவக்கைத் தூக்கிப் பிடிக்கிற மனுசனை அளக்கிற சாமானுக்குத்தான் இன்னும் ஓடர் கொடுக்க இடம் கிடைக்கவில்லை.