பூட்டு இருந்தால் பயமில்லை என்ற மெசேஜ்

குணா போய்விட்டான்.

காலையில் வேலைக்குக் கிளம்பும்போது நெஞ்சுவலி... ஆஸ்பத்திரி போய்ச் சேர்வதற்குள் முடிந்துவிட்டது. நாற்பத்திரண்டு வயது. எழுதக் கை ஓடவில்லை.

புக்கிட் பெருந்துங் ஃபேக்டரியில் ஐ.டி. என்றால் நானும் அவனும்தான். ஒரே அறை, ஒரே ஆபீஸ் போன்.

பத்தாங் பெர்ஜுந்தாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் வருவான். மழை நாளில் நனைந்த காலுறையை சர்வருக்குப் பின்னால் காயப்போடுவான். அறையே நாறும். கேட்டால், "சூடு சும்மாதானடா போவுது" என்பான்.

ஒரு தீபாவளி நேரம். லீவு போடும் எங்கள் வெப்சைட்டின் பாதுகாப்புச் சர்டிபிகேட் காலாவதியாகி, எல்லார் போனிலும் 'பாதுகாப்பற்றது' என்று சிவப்பாக வந்தது. ஒருவர் மாற்றி ஒருவர் போன்.

புதுப்பித்து முடித்ததும், விட்டால் போதும் என்று ஆபீஸ் போனிலிருந்து எல்லாருக்கும் ஒரு வாட்சப் தட்டினேன். "வெப்சைட் அட்ரஸ் பக்கத்துல பூட்டு படம் இருந்தா சேஃப். பயப்படாம பாஸ்வர்ட் போடுங்க."

குணா படித்துவிட்டுத் தலையில் கை வைத்தான்.

"டேய், பூட்டுன்னா நாம அனுப்புறத வழியில யாரும் படிக்க முடியாது, அவ்ளோதான்லா. அந்தப் பக்கம் இருக்கிறவனே திருடன்னா? அவனும் ஒரு பூட்டு வாங்கி மாட்டிக்குவான். அட்ரஸ பாக்கச் சொல்லி நீயே திருத்திப் போடு."

நாளைக்குப் போடுகிறேன் என்றேன். போடவில்லை.

அடுத்த மாதம் கேண்டீன் பார்வதி அக்கா, ஒரு போலி பேங்க் பக்கத்தில் பாஸ்வர்டைக் கொடுத்துவிட்டார். மகள் காலேஜுக்குச் சேர்த்தது மொத்தமும் போனது.

மேனேஜர் முன்னால் போனை நீட்டி அழுதார். "பூட்டு இருந்துச்சே சார்... இவங்கதான சொன்னாங்க."

எங்கள் இரண்டு பேரில் யார் அனுப்பியது என்று மேனேஜர் கேட்டார். நான் அப்போது காண்ட்ராக்டில் இருந்தேன். சொன்னால் வேலை போய்விடும்.

"நான்தான் சார்" என்றான் குணா.

அவனுக்கு வார்னிங் லெட்டர் வந்தது. அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. மறுநாள், "சாப்டியாடா?" என்றுதான் கேட்டான்.

இன்று மதியம் அவன் வீட்டில் பார்வதி அக்கா என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

"குணா மேல எனக்கு ரொம்ப நாளா கோவம், தம்பி. இன்னிக்கு மன்னிச்சிட்டேன். அது நிம்மதியா போவட்டும்" என்றார்.

நான் தலையாட்டினேன்.

அக்கா, அந்த மெசேஜ் நான் போட்டது. குணா இல்லை.

போய்ட்டு வாடா...