வியாகுலம்மாளின் ரெக்சின் பை

ஜெராக்ஸ் தாளையும் அசலையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்து, கடைக்கு வெளியே வந்து, வெயிலுக்கு நேரே தூக்கிப் பிடிக்கிறாள் வியாகுலம்மாள். ஓர் எழுத்து விலகியிருந்தாலும் தெரிந்துவிடுமாம். வலது கையில் தாள்கள். இடது கையில் கருப்பு ரெக்சின் பை. அதன் வார் மணிக்கட்டில் இரண்டு சுற்றுச் சுற்றியிருக்கிறது.

“பாய், இதுல என் பேருமேல ஒரு புள்ளி விழுந்திருக்கு.”

“மெசின்ல தூசிம்மா அது.”

“தூசி எப்படிச் சரியா என் பேரப் பாத்துப் போயி உக்காரும்?”

கடைக்காரர் சாகுல் ஹமீதுக்கு இது பழக்கம். மெசின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு நகல் எடுத்துக் கொடுக்கிறார். பழைய நகலை அவள் கண்ணெதிரே நாலாகக் கிழித்து, அந்தக் கிழிசலையும் அவளிடமே தந்துவிடுகிறார். வழியில் நாலைந்து ஜெராக்ஸ் கடைகள் இருக்க, அவற்றைத் தாண்டி பேகம்பூர்வரை அவள் நடந்து வருவது அந்தக் கிழிசலுக்காகத்தான்.

வயது நாற்பத்தெட்டு. வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் பதினொரு வருடம் வேலை பார்த்தவள். பையும் மில்லில் ஒரு தீபாவளிக்குக் கொடுத்ததுதான். டீயில் ஏதோ கலக்கிறார்கள் என்று முதலில் டீயை நிறுத்தினாள். பிறகு மில் பஸ்ஸில் ஏறுவதை நிறுத்தினாள். பிறகு ஒருநாள், இயந்திரங்கள் எல்லாம் சேர்ந்து தன் பெயரைச் சொல்கின்றன என்று காதைப் பொத்திக்கொண்டு வந்தவள் திரும்பிப் போகவே இல்லை. இப்போது மேட்டுப்பட்டியில் தம்பி ஸ்டீபன்ராஜ் வீட்டின் பின்னறையில் இருக்கிறாள். தனி அடுப்பு, தனிக் குடம். அரிசி டிரம்முக்கு ஒரு பூட்டு. அதன் சாவி, கழுத்தில் மாதா படம் தைத்த உத்தரியக் கயிற்றோடு சேர்ந்து தொங்குகிறது.

மாத்திரை சாப்பிடுகிறாள். ஆனால் அட்டையின் நிறம் மாறக் கூடாது. வேறு கம்பெனி சரக்கு வந்து, நீல எழுத்து பச்சையாகிவிட்டால் அந்த மாதம் ஆபத்துதான். தீர்ந்துபோன அட்டைகளைக்கூட எறியாமல் பையில் வைத்திருக்கிறாள். கேட்டால், “சாட்சி” என்பாள்.

சோறு விஷயம்தான் நெஞ்சை அறுப்பது. தம்பி மனைவி கிளாரா பொங்கிய சோற்றை அவள் தொடுவதில்லை. கிளாரா வாங்கி வரும் அரிசியையும் தொடுவதில்லை. ரேஷன் அரிசியைச் சுளகில் போட்டு, சத்துக்காக அதில் கலந்திருக்கும் வெளுத்த அரிசிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒதுக்குவாள். “இது வெளைஞ்சதில்ல, அரிசி மாதிரி செஞ்சது.” ஒருநாள் சந்தேகம் முற்றி மிச்ச அரிசியையும் கோழிகளுக்குப் போட்டுவிட்டாள். தன் பி.எஃப். பணத்தில் தானே கடைக்குப் போய், தானே மென்று பார்த்து வாங்கிய அரிசி ஒன்றுதான் அவள் தொண்டையில் இறங்கும். அந்தப் பணம் இந்தத் தவக்காலத்தோடு தீர்ந்துவிட்டது. அன்றிலிருந்து ஒருவேளைச் சோறு. வெறும் வயிற்றில் மாத்திரை விழுந்து, குழாயடியில் இரண்டு தடவை மயங்கிச் சாய்ந்தாள்.

அதற்காகத்தான் இந்த நடையெல்லாம். மருத்துவர் அவளைச் சோதித்து, ஊனம் நாற்பது விழுக்காட்டுக்குக் குறையாது என்று எழுதினால்தான் மாத உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க முடியும். போன வருட முகாமில் முப்பது என்று எழுதிவிட்டார்கள். மறு சோதனைக்கு எழுதிப் போட்டு, பதினான்கு மாதம் காத்திருந்தாள்.

முப்பது வந்த கதை எங்கள் தெருவுக்கே தெரியும். அதிகாரி முன்னால் போகிற பெண்ணை அலங்கோலமாக அனுப்ப எந்த வீட்டுக்கு மனம் வரும்? கிளாரா அவளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டு, கோயில் திருவிழாவுக்கு எடுத்த சுங்குடிப் புடவையைக் கட்டிவிட்டு, ஒரு முழம் மல்லிகையும் வைத்து அழைத்துப் போனாள். மருத்துவர் கேட்டதற்கெல்லாம், வீட்டுக்கு விருந்தாளி வந்ததுபோல, “நல்லாருக்காங்க டாக்டர்” என்றே சொல்லி வைத்தாள்.

“இந்தத் தடவ தல சீவாமப் போ” என்று எதிர்வீட்டு மூக்காயி யோசனை சொன்னாள்.

“நான் எதுக்கு வேசம் போடணும்? அப்பறம் அதையும் போட்டோ எடுத்து வச்சுக்கிட்டு, நடிக்கிறான்னு எழுதவா?”

எழுதத்தான் வேண்டும் என்றில்லை, தெருவில் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். “வக்கீல் கணக்காப் பேசுறா, இவளுக்கா நோவு?” உலகம் தன்னைச் சந்தேகப்படுகிறது என்று அவள் சொல்வதை நோய் என்கிறோம். அந்த ஒரு விஷயத்தில் அவள் சொல்வது உண்மைதான்.

போன புதன்கிழமை, ஊருக்குள் ஒரு பள்ளிக்கூடத்தில் மறு சோதனை முகாம். பக்கத்து வீட்டுக்காரி என்று என்னையும் துணைக்குக் கூப்பிட்டிருந்தாள் கிளாரா.

“நீங்க எதுக்கு வாரீக? யாரு அனுப்புனா?” என்றாள் வியாகுலம்மாள்.

“கிளாராதான் கூப்பிட்டுச்சு.”

“அதத்தான் கேக்குறேன்.”

காலை எட்டு மணிக்கு டோக்கன் வாங்கிய எங்களைப் பன்னிரண்டரைக்குத்தான் கூப்பிட்டார்கள். அதுவரை பை மடியைவிட்டு இறங்கவில்லை. கழிப்பறைக்குக்கூடப் பையோடுதான் போனாள். தாள்களைச் சரிபார்க்கும்போது ஒரு கை விரல்களை மட்டும் மடக்கி எண்ணினாள். ஐந்து முடிந்ததும் மறுபடியும் அதே கையில் ஆரம்பித்தாள். கிளாரா நீட்டிய தண்ணீர் பாட்டிலைப் பார்த்தாள். உதட்டை நாவால் ஈரப்படுத்திக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மருத்துவர் இளம்பெண். தேதி, கிழமை, மாத்திரையின் பெயர் எல்லாவற்றுக்கும் வியாகுலம்மாளிடமிருந்து டக்டக்கென்று பதில் வந்தது. இந்தப் பேனா மறுபடியும் முப்பது என்றுதான் எழுதப்போகிறது.

பிறகு மருத்துவர் கிளாரா பக்கம் திரும்பினார். கூட இருப்பவரிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்பது அங்கே முறை. ஒன்பது வருடமாக வியாகுலம்மாள் எதைச் சந்தேகித்தாளோ, தன்னைப் பற்றிக் கிளாரா யாரிடமோ சொல்லிக்கொடுக்கிறாள் என்று, அதைச் செய்யச் சொல்லி இப்போது நாற்காலியே போட்டுக் கொடுத்துவிட்டார்கள். அவள் கண்கள் கிளாராவின் வாயிலேயே நின்றன.

“சமையல் எல்லாம் அவங்களே செஞ்சுக்குறாங்களா?”

“பொங்கிக்கிருவாங்க டாக்டர்.”

“வீட்டு ஆளுங்களோட எப்படி?”

கிளாரா நாத்தனாரின் காலைப் பார்த்தாள். “நல்லாப் பழகுவாங்க.”

“சந்தேகம், சண்டை ஏதாவது?”

“அப்படியெல்லாம் இல்ல டாக்டர். மதினி நல்ல மாதிரி.”

பேனா ஏதோ எழுதக் குனிந்தது.

“டாக்டர்” என்றாள் வியாகுலம்மாள். “இவ சொன்னது அசல் இல்ல.”

மருத்துவர் நிமிர்ந்தார்.

“என்னையப் பயந்துக்கிட்டு சொல்றா. இவ பொங்குன சோத்த ஒம்பது வருசமா நான் திங்கல. அரிசியப் பூட்டி வச்சிருக்கேன். இந்தா சாவி. இவ மக கோயில்ல மொதமொத புதுநன்மை வாங்குன அன்னைக்குப் பந்தியில உக்காராம, கதவச் சாத்திக்கிட்டுப் பச்சத்தண்ணியக் குடிச்சிட்டுக் கெடந்தேன். மாத்திர அட்ட மாறுச்சுன்னு மூணு வாரம் நிப்பாட்டிட்டேன், அது இவளுக்கே தெரியாது. அவசரத்துக்குன்னு என் கதவு நெலையில இவ எழுதி வச்ச தன்னோட செல் நம்பர மறுநாளே சுண்ணாம்பு வச்சு அழிச்சவ நான்.”

“இப்பவும் சோத்துல ஏதாவது கலப்பாங்கன்னு நினைக்கிறீங்களா?”

அவள் கழுத்துச் சாவியை விரலால் தடவினாள்.

“தெரியல டாக்டர். ஒரு நாளுகூட இவ கலக்காம இருந்திருந்தா, இம்புட்டு நாளும் நான் செஞ்சது பாவமில்லையா.”

கிளாரா முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். நான் சுவரில் தொங்கிய கண் பரிசோதனை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மருத்துவர் எழுதினார். எத்தனை என்று எட்டிப் பார்த்தேன். அவர் இடது கை எண்ணை மறைத்திருந்தது. அந்தக் கையின்மேல் எனக்கும் சந்தேகம் வந்தது.

கடைசி மேசையில் கணினி வைத்திருந்தவர் தலை நிமிராமல் சொன்னார்: “ரிசல்ட் மெசேஜாத்தான் வரும். பத்து நாளாகும், ஒரு மாசமும் ஆகும். செல் நம்பர்?”

வியாகுலம்மாளிடம் போன் கிடையாது. கிளாரா தன் எண்ணைச் சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வியாகுலம்மாள் சொல்ல ஆரம்பித்தாள். ஓர் எண்கூடத் தடுமாறவில்லை. பத்தும் கிளாராவின் எண்.

கிளாரா மெல்லத் திரும்பி அவளைப் பார்த்தாள்.

“இவ நம்பர்தான்” என்றாள் வியாகுலம்மாள், கணினிக்காரரிடம். “நீ தப்பா அடிச்சிருப்ப. திருப்பிப் படி, பாப்போம்.”

அவர் அலுத்துக்கொண்டே முதல் எண்ணைப் படித்தார். அவள் வலது கைக் கட்டைவிரலை மடக்கினாள். ஐந்தாவது எண்ணில் வலது கை முடிந்துவிட்டது. “செத்த இரு” என்றாள். இடது மணிக்கட்டில் இருந்த வாரை ஒரு சுற்று, இன்னொரு சுற்று என்று அவிழ்த்தாள். பையைக் கிளாராவின் மடியில் வைத்துவிட்டு, மிச்ச ஐந்து எண்களுக்காக இடது கையை விரித்து நீட்டினாள்.